இறக்கிய மேடு

என் மகளுக்கு நடக்க வராது. கைகள் இரண்டும் தம் இஷ்டத்துக்கு மடங்கிக்கொள்ளும். வலது கால் ஒன்றுதான் அவள் சொன்னதைக் கேட்கும். அதனால் சக்கர நாற்காலியை மற்றவர்களைப் போலக் கையால் உருட்ட அவளால் முடியாது. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வலது காலைத் தரையில் ஊன்றி ஓர் உதை. நாற்காலி பின்பக்கமாகக் கொஞ்சம் நகரும். இன்னோர் உதை. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, ரிவர்ஸ் எடுக்கும் டிரெய்லர் மாதிரி போவாள். நான் மாதவரத்தில் டிரெய்லர் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறவன். எத்தனையோ டிரைவர்கள் பின்னால் எடுத்துச் சுவரில் இடிப்பதைப் பார்த்திருக்கிறேன். இவள் எங்கும் இடிக்கமாட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒருவர் சொன்னார், இப்படிப் பின்னால் போவது தப்பு, முதுகெலும்பு கெட்டுவிடும், யாராவது தள்ளித்தான் போகணும் என்று. யாராவது என்றால் யார், நீ வருவியா தினமும் என்று கேட்டேன். என் மனைவி என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

எர்ணாவூரில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த அடுக்கு வீட்டில் எங்களுக்கு மூன்றாவது மாடி கொடுத்தார்கள். லிஃப்ட் கிடையாது. நாற்காலியைக் கீழே படிக்கட்டுக் கம்பியில் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்துவிட்டு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவேன், இறங்குவேன். அவள் முப்பதை நெருங்குகிறாள். குழந்தை இல்லை. அப்பன் தோளில் கிடப்பது அவளுக்கு வெட்கம் என்று எனக்குத் தெரியும். படியில் யாராவது எதிரே வந்தால் முகத்தை என் சட்டைக்குள் புதைத்துக்கொள்வாள்.

கீழே இறங்கினால் மட்டும் என்ன? கன்டெய்னர் ஏற்றிய வண்டிகள் துறைமுகத்துக்குப் போக வரிசை கட்டி நிற்கிற ரோடு. நடைபாதை கிடையாது. இருந்த இடத்தில் லாரி டயர் அடுக்கியிருக்கிறார்கள். கால் நன்றாக இருக்கிறவனே அங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகிறான். ஆக அவளுக்கு வெளியே என்பது ஆட்டோவில் ஏற்றும்போது என் தோளுக்கு மேல் தெரிகிற ஒரு துண்டு வானம். இதைச் சொன்னால் கேட்பவர்கள் உச் கொட்டுவார்கள். அந்த உச்சை வைத்து நாக்குதான் வழிக்கலாம்.

ஆட்டோ போய் நிற்கிற இடம் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தின் மையம். ஒரே ஒரு ஹால். பகலில் என் மகளைப் போன்ற பெரியவர்கள் வருவார்கள். பேப்பர் கவர் ஒட்டுவார்கள், பாட்டுக் கேட்பார்கள், சண்டை போடுவார்கள். சாயந்திரம் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் படிக்க வருவார்கள். கொண்டுவந்து விடுகிற தாய்மார்கள் உட்கார இடமில்லாமல் ரோட்டோரம் மதில் நிழலில் நிற்பார்கள். வெயில் நகர நகர அவர்களும் நகர்ந்துகொண்டே போவார்கள். பொறுப்பாளர் ஓர் அம்மா. அவரை நாங்கள் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம்.

ஹாலுக்குப் பின்னால் மையத்துக்குச் சொந்தமான காலி மனை ஒன்று கிடந்தது. சீமைக்கருவேலம், உடைந்த சிங்க், யாரோ போட்ட மெத்தை, நாய்கள். ஒருநாள் டீச்சர் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, பின்பக்கத்தைச் சுத்தம் செய்தால் அங்கே என்ன வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவன் ஊஞ்சல் என்றான். தண்டையார்பேட்டையிலிருந்து வரும் கண் தெரியாத ஒருவர், காற்று வேண்டும் என்றார். என் மகளுக்குப் பேச்சு சிரமம். ஒரு சொல் வருவதற்குள் வாய், கழுத்து, தோள் எல்லாம் முறுக்கிக்கொள்ளும். டீச்சர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"வெளிய," என்றாள். மூச்சு வாங்கினாள். "நானே."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. மரம், செடி, ஊஞ்சல் எதுவும் வேண்டாம். யாரும் தூக்காமல், யாரும் தள்ளாமல், தானே வெளியே போகணும். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பீடி வாங்குவதுபோல அந்தப் பக்கம் போய்விட்டேன்.

வேலை ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் எல்லாம் வந்தோம். முள்ளை வெட்டினோம். வெட்டி முடிந்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தது. மேடு ஏற்றணும்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்லணும். எங்கள் பக்கம் காலி இடத்தைப் பார்த்தால் முதலில் தோன்றுவது அங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதுதான். மழை வந்தால் வீட்டுக்குள் வந்து கட்டில் கால் வரைக்கும் நிற்கும். அதனால் கையில் கொஞ்சம் பணம் வந்தால் நகை வாங்கமாட்டோம், மண் அடிப்போம். ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போடுவார்கள். ரோடு உயரும். நாங்களும் வாசலை உயர்த்துவோம். மறுபடி ரோடு உயரும். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் அளவு ரோடுதான். ரோட்டுக்கு மேலே இருந்தால் நல்ல இடம், கீழே இருந்தால் கெட்ட இடம்.

என் தோஸ்து ஒருவன் டிப்பர் லாரி ஓட்டுகிறான். இடித்த வீட்டுச் செங்கல், காரை, மண் எல்லாம் அவன் கையில் தாராளம். "எதுக்கு மாமு யோசிச்சிகினு கீற? நான் கீறேன்ல? ரோட்டுக்கு மேல ஒரு அடி ஏத்திக் குடுக்கறேன். ஒரு சொட்டுத் தண்ணி நின்னா என் மீசையை எடுத்துக்கோ," என்றான். சும்மா வந்தது. லோடு லோடாக வந்தது. பக்கத்துச் சந்து வழியாக லாரி வரும், கொட்டும், போகும். நாங்கள் பரப்புவோம், தண்ணீர் ஊற்றி இடிப்போம். மேலே நல்ல மண் போட்டு, தாய்மார்கள் வரிசையாக நின்று மிதித்தார்கள். பட்டறையில் கழித்த பலகைகளை வைத்து நான் பெஞ்சு அடித்தேன். ஒரு வாதாமரக் கன்று நட்டோம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எல்லாரும் சந்து வழியாகவே வந்தோம், சந்து வழியாகவே போனோம்.

முடிந்த அன்று டீச்சர் பிள்ளைகளை வைத்துக் கலர் காகிதம் கட்டினார். கேசரி கிளறினார்கள். ஹாலின் பின்சுவரில் ஒரு கதவு உண்டு. வருஷக்கணக்காகப் பூட்டி, அதன்மேல் ஒரு பீரோவைச் சாத்தி வைத்திருந்தார்கள். பீரோவை நகர்த்தினோம். என் மகள் தன் நாற்காலியை முன்னாலேயே திருப்பி, கதவுக்கு முதுகைக் காட்டி, வலது காலை ஊன்றித் தயாராக இருந்தாள். முதலில் அவள்தான் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

கதவைத் திறந்தேன்.

எதிரே மண். என் முழங்கால் உயரத்துக்குச் சுவர் மாதிரி நின்றது. அதன் மேலே தூரத்தில் பெஞ்சு, கலர் காகிதம், வாதாங்கன்று. ஹால் பழைய கட்டடம், ரோட்டுக்கும் கீழே பள்ளத்தில் கிடக்கிறது. நாங்கள் ரோட்டைப் பார்த்து அளந்தோம். ஹாலைப் பார்த்து அளக்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. அத்தனை பேரும் தினமும் நாற்காலிகளைத் தள்ளுகிறவர்கள். ஒருவனுக்கும் தோன்றவில்லை.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்கள். அவள் ஓர் உதை விட்டாள். பின்சக்கரம் மண்ணில் முட்டி நின்றது. இன்னோர் உதை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா, தூக்கி வச்சிரலாம்," என்றான் தோஸ்து. இரண்டு பேர் வந்து நாற்காலியைப் பிடித்தார்கள். அவள் மடங்கிய கையைக் கதவு நிலையில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டாள். பிடித்தால் விடமாட்டாள். அன்று அவள் வெளியே போகவில்லை. மற்றவர்களைச் சந்து வழியாகச் சுற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். உடைந்த சிலாப்பு, சாக்கடை, இரண்டு பேர் பிடித்தால்தான் ஒரு நாற்காலி போகும். அவள் ஹாலிலேயே இருந்தாள். கேசரியை வாயருகே கொண்டுபோனேன். துப்பினாள்.

நான் வெல்டர். சாய்தளம் அடித்துவிட்டால் போச்சு என்று நினைத்தேன். இரும்புத் தகட்டில் ஒன்று அடித்துக் கொண்டுவந்தேன். அவள் சுலபமாக ஏறணும் என்றால் நீளமாகப் போட்டுப் பாதி ஹாலை அடைக்கணும். அவ்வளவு இடமில்லை, அதனால் செங்குத்தாக நின்றது. அவள் உதைத்து உதைத்துப் பாதி வரை ஏறினாள். கால் நடுங்கிற்று. சறுக்கிக் கீழே வந்தாள். மறுபடி ஏறினாள். பின்னால் கையை வைத்து லேசாக இழுத்தேன். அவள் போட்ட கத்தலில் ஹாலில் இருந்த எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"அவ கேக்கறது உனக்குப் புரியலியா?" என்று என் மனைவி கேட்டாள். "கைய எடு."

மண்ணை இறக்கணும் என்று நான் சொன்னேன். கூட்டம் போட்டார்கள். எல்லாரும் என்னைக் கிறுக்கன் மாதிரி பார்த்தார்கள். அதிகமாகக் கத்தியது தண்டையார்பேட்டை அம்மா. அந்தக் கண் தெரியாதவருக்கு அக்கா. தொழுகை முடித்த கையோடு தம்பியைக் கூட்டிக்கொண்டு ரெண்டு பஸ் மாறி வருகிறவர். போன மழையில் அவர் வீட்டில் தையல் மிஷின் முழுகிப்போனது.

"அண்ணே, நீ இன்னா பேசற? மண்ண எடுத்தா தண்ணி எங்க போவும்? நேரா ஹாலுக்குள்ளதான் வரும். உன் பொண்ணு ஒருத்திக்காக நாங்க எல்லாம் சேத்துல உக்காரணுமா?"

"மழை வர்றது எத்தினி நாளு? வருஷம் பூராவா பெய்யுது?"

"பெய்ற நாள்ல நீ வந்து தொடைப்பியா?"

"தொடைக்கிறேன்."

"தொடைச்ச. உன் வூட்டுக்காரியக் கேளு, நீ வூட்ல துடைப்பத்தத் தொட்டுக்கீறியான்னு."

கூட்டம் சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். தோஸ்துக்குத் தனியாகக் கோபம். "குட்த்தத திருப்பி எடுத்துக்கோன்றியே மாமு, மானம் போவுது," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். டீச்சர், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் ஒன்றும் நடக்காது என்று அர்த்தம். அவர்களைத் திட்டுவதற்கு என்னிடம் நிறையச் சொல் இருந்தது. திட்டவும் செய்தேன். ஆனால் தண்ணீரைப் பற்றி அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

அதற்குப் பிறகு என் மகள் கவர் ஒட்டப் போகவில்லை. மையத்துக்கு வந்ததும் நேராகப் பின்கதவுக்குப் போவாள். கதவைத் திறந்து வைக்கச் சொல்வாள். முதுகைக் காட்டிக்கொண்டு உதைப்பாள். சக்கரம் மண்ணில் முட்டும். டொக். கொஞ்சம் முன்னால் வருவாள். மறுபடி உதைப்பாள். டொக். கோபமாகச் செய்யவில்லை. அழவில்லை. வேலைக்குப் போகிறவன் வேலை செய்வதுபோலச் செய்தாள். மத்தியானம் சாப்பிடுவாள், மறுபடி போவாள். டீச்சர் பேசிப் பார்த்தார். நான் கெஞ்சிப் பார்த்தேன். ஹாலில் பாட்டுப் போட்டாலும் அந்த டொக் கேட்டது.

ஒருநாள் நான் பட்டறைக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கே இருந்தேன். தண்டையார்பேட்டை அம்மா தம்பிக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். டொக். அவர் ஆற்றினார். டொக். டம்ளரைத் தம்பி கையில் கொடுத்தார். எழுந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தார்.

"நவுரு கண்ணு," என்றார் என் மகளிடம். "இந்தச் சத்தம் எனக்கு வூட்ல தூங்கும்போதும் கேக்குது. நான் மனுஷி இல்லியா?"

கதவுப் பக்கம் நின்ற மண்ணை ஒரு கொத்துக் கொத்தினார். நாங்களே இடித்து இறுக்கிய மண், லேசில் விழவில்லை. "இன்னா பாத்துகினு கீற? மழையில தண்ணி உள்ள வரட்டும், உன்னத்தான் கூப்பிடுவேன். எந்த நேரமா இருந்தாலும் வரணும். கடப்பாரைய எடு," என்றார் என்னிடம். எடுத்தேன்.

அதன்பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மையத்தில் மண் சும்மா கிடைக்கிறது என்று அடுக்கு வீடுகளுக்கும் குடிசைகளுக்கும் செய்தி போனது. மழைக்கு முன்னால் தன் வாசலை உயர்த்த எவனுக்குத்தான் ஆசையில்லை? சிமென்ட் சட்டி, அன்னக்கூடை, மீன் கூடை, குழந்தையைக் குளிப்பாட்டுகிற டப் என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாக வந்தார்கள். ஒரு கிழவர் மூன்று சக்கர வண்டி கொண்டுவந்தார். செங்கல் துண்டுக்கு இரண்டு பெண்கள் தலைமுடியைப் பிடிக்காத குறை. நாங்கள் வெட்ட வெட்ட அவர்கள் அள்ளிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் தோஸ்தும் வந்து நின்றான். "என் மண்ண எவன் எவனோ அள்றான், நான் வேடிக்கை பாக்கறதா?" என்று சட்டையைக் கழற்றினான். பெஞ்சுகளையும் வாதாங்கன்றையும் மண்ணோடு இறக்கினோம்.

ஹால் தரைக்குச் சரியாகக் கொண்டுவந்தோம். கதவிலிருந்து மதில் பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவு வைத்தோம். கன்று வரைக்கும் தோஸ்து எங்கேயோ மிஞ்சிய நடைபாதைக் கற்களைக் கொண்டுவந்து பதித்தான். கலர் காகிதம் எல்லாம் இந்த முறை கட்டவில்லை. கல் பதித்து முடித்த மத்தியானம், கதவைத் திறந்துவைத்துவிட்டு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். அவளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் வாயை மூடிக்கொண்டாள். ஓர் உதை விட்டாள்.

யாரும் எழவில்லை. என் மனைவி கையில் உருட்டிய சோறு அப்படியே இருந்தது. நாற்காலி கதவுக்குள் போயிற்று. நிலை தாண்டிற்று. முதலில் அவள் முதுகு வெயிலுக்குப் போனது, பிறகு தலை, பிறகு முகம், கடைசியாகக் கால். எங்களைப் பார்த்தபடியேதான் போனாள், வேறு வழியில்லையே. கன்றருகே போய் நின்று முகத்தைத் தூக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். வெயில் கொளுத்துகிற நேரம். நான் எழுந்தேன்.

"உக்காரு," என்றாள் என் மனைவி.

உட்கார்ந்தேன். தண்டையார்பேட்டை அம்மா தன் தம்பியிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "போய்ட்டாடா. மரத்தாண்ட நிக்கறா. சிரிக்கல. சும்மா நிக்கறா."

பிறகு மழை வந்தது. எல்லாரும் சொன்னபடியே தண்ணீர் நின்றது. ஹாலுக்குள்ளும் வந்தது. எனக்குப் போன் வந்தது. போனேன், மனைவியும் வந்தாள். நான் துடைப்பத்தைக் கையில் எடுத்தபோது தண்டையார்பேட்டை அம்மா உதட்டைச் சுழித்தார். தண்ணீரைத் தள்ளினோம், வழித்தோம், கவர் கட்டுகளை அலமாரி மேல் ஏற்றினோம். மையத்தை மூடினார்கள். மகள் மூன்றாவது மாடியில் ஜன்னலோரம் கிடந்தாள்.

மழை விட்டு மையம் திறந்த முதல் நாள். பின்பக்கம் தண்ணீர் வடிந்து, கல் பதித்த இடம் காய்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் சேறு. அவள் கன்று வரை போனாள். அங்கே நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கல்லை விட்டு இறங்கி மதில் பக்கம் உதைத்தாள். அந்த மூலையில் மதில் தாழ்வு, அதன் மேலாக ரோடும் வண்டிகளும் தெரியும். பாதி வழியில் சக்கரம் புதைந்தது. உதைத்தாள். சேறு தெறித்துப் பாவாடையெல்லாம் ஆனது. நாற்காலி அசையவில்லை.

நான் கதவில் நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டேன். "போய்த் தூக்கு மாமா, இன்னா பாக்கற?" என்றான் ஊஞ்சல் கேட்டவன். டீச்சரும் எழுந்து வந்தார். நான் நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் உதைப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. மழைக்காற்று அடித்தது. அவளுக்குச் சளி பிடித்தால் மூச்சு வாங்கும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மதிலுக்கு மேலே ஒரு டிரெய்லர் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கழுத்தை வளைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பின்னால் இன்னொன்று வந்தது. அதையும் பார்த்தாள்.

போதும் என்று தோன்றியிருக்கும். என் பக்கம் திரும்பினாள். தோள் முறுக்கிற்று, கழுத்து இழுத்தது. அந்தச் சொல் வருவதற்குள் நான் சேற்றில் ஒரு கால் வைத்துவிட்டேன். முழுதாக வரட்டும் என்று அங்கேயே நின்றேன்.

"ப்பா," என்றாள்.

போனேன். கல் பதித்த பக்கம் திருப்ப நாற்காலியைப் பிடித்தேன். அவள் தலையை ஆட்டினாள். மதிலைக் காட்டினாள். அந்தப் பக்கம் தள்ளினேன்.